இழந்த குருதியா, எடுத்த குருதியா?

குருதி இழப்பு என்றதும் விபத்து, மகப்பேறு, அறுவை மருத்துவம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்கு வேறொரு வழியிலும் குருதி குறைகிறது. சோதனைக்காக நாள்தோறும் எடுக்கப்படும் குருதியே அது.

2002-இல் வெளிவந்த ஆய்வொன்று மேற்கு ஐரோப்பாவின் 145 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்தது. அங்கே ஒரு நோயாளியிடமிருந்து ஒரு நாளில் சராசரியாக 41 மில்லிலிட்டர் குருதி எடுக்கப்பட்டது. ஒரு நாளளவில் இது சிறிய அளவே. எட்டு நாள்களில் அது ஏறத்தாழ 330 மில்லிலிட்டராகிறது. நலமான கொடையாளர் ஒருவர் ஒரு முறை தரும் குருதிக்கு நெருங்கிய அளவு இது. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி இங்கே வேண்டாத வகையில் மெய்யாகிறது.

நலமான உடல் இழந்த சிவப்பணுக்களைச் சில வாரங்களில் ஈடுசெய்துவிடும். கடும் நோயில் அது எளிதன்று. அழற்சி எலும்பு மச்சையின் ஆக்கத்தைத் தடுக்கிறது. இரும்புச்சத்து உடலில் இருந்தும் பயன்படாமல் முடங்குகிறது. எனவே சோகை வளர்கிறது. அதனை ஈடுகட்டக் கொடையாளரின் குருதி ஏற்றப்படுகிறது. எடுப்பதும் நாமே, ஏற்றுவதும் நாமே என்னும் நிலை இது.

ஆய்வுக்கூடக் கருவிகளுக்குத் தேவைப்படுவது குழாயில் நிறையும் குருதியின் சிறு பகுதிதான், எஞ்சியது கழிவாகிறது. குழாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவே எவ்வளவு குருதி உள்ளே இழுக்கப்படும் என்பதை முடிவுசெய்கிறது. புற அளவு மாறாமல் வெற்றிடத்தை மட்டும் குறைத்தால், அதே கருவிகளில் வைக்கத்தக்க, ஆனால் குறைந்த குருதியே கொள்ளும் குழாய் கிடைக்கிறது.

கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இத்தகைய குழாய்களுக்கு மாறியபோது என்ன நேர்ந்தது என்பதை 'ஸ்ட்ரேட்டஸ்' ஆய்வு 2023-இல் வெளியிட்டது. 21,201 நோயாளிகளைக் கொண்ட முதன்மைப் பகுப்பாய்வில் குருதியேற்றம் குறைந்தது எனப் புள்ளியியல்படி உறுதியாகக் கூற இயலவில்லை. பெருந்தொற்றின் தொடக்கக் காலத்தவரையும் சேர்த்து 27,411 பேரைக் கணக்கிட்ட துணைப் பகுப்பாய்வில், 100 நோயாளிகளுக்கு ஏறத்தாழ 10 அலகு சிவப்பணுக்கள் குறைவாகத் தேவைப்பட்டன. போதிய குருதியின்மையால் வீணான மாதிரிகள் 10,000-க்கு மூன்றுக்கு மேற்படவில்லை. குறைவாக எடுத்தால் சோதனை கெடும் என்னும் அச்சத்தை இது பெரிதும் நீக்குகிறது.

வேறு வழிகளும் உள்ளன. தமனிக் குழாயிலிருந்து மாதிரி எடுக்குமுன் வெளியேற்றும் முதற்குருதியைக் கொட்டிவிடாமல், மூடிய அமைப்பின் வழியாக நோயாளிக்கே திருப்பிச் செலுத்தலாம். ஒரே மாதிரியில் பல சோதனைகளைச் செய்யலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நாள் தவறாமல் சோதிப்பதை விடுத்து, விடை தேவைப்படும் வினா எழும்போது சோதிக்கலாம்.

இங்கே மொழியியலார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'நோயாளி குருதியை இழந்தார்' என்னும் தொடரில் எழுவாய் நோயாளி. 'செவிலியர் குருதியை எடுத்தார்' என்றால் எழுவாய் மாறுகிறது. செயலுக்குப் பொறுப்பும் தெரிகிறது. சோதனையால் நேர்வதையும் 'குருதி இழப்பு' என்றே குறித்தால், தவிர்க்கத்தக்க செயல் தானே நேர்ந்த நிகழ்வுபோல் தோன்றுகிறது. 'வழக்கமான சோதனை' என்னும் தொடரும் அத்தகையதே. வழக்கம் என்று பெயரிட்டவுடன் 'ஏன்' என்னும் வினா மறைந்துவிடுகிறது. ஆகவே 'சோதனைக்கு எடுத்த குருதி' என்று எழுதுவதே தெளிவானது. ஏற்றிய குருதியைப் பதிவதுபோல் எடுத்த குருதியின் அளவையும் நாள்தோறும் பதிந்தால், அது கண்ணுக்குப் புலப்படும். புலப்படுவதையே குறைக்க முடியும்.

தேவையான சோதனையை மறுக்குமாறு இக்கட்டுரை கூறவில்லை. பல வேளைகளில் உயிரைக் காப்பது அச்சோதனையே. படுக்கையருகே நிற்கும் உறவினர் பணிவுடன் கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: "இச்சோதனையின் முடிவு இன்றைய சிகிச்சையில் எதை மாற்றும்?" அதனைத் தமிழில் தயக்கமின்றிக் கேட்கவும், தமிழில் தெளிவான விடை பெறவும் வேண்டிய சொற்களை ஆயத்தமாக வைத்திருப்பது மொழிப்பணியின் ஒரு பகுதியே.