இரத்த அணுக்களுக்கு ஒரு பெரட்டு

தோட்டத்து மருந்தகத்தில் இரத்தம் எடுத்தாயிற்று. மறுநாள் பெரிய மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்து வரச் சொல்லி, அங்கும் இரத்தம் எடுக்க வேண்டும் என்கின்றனர். "நேற்றுத்தானே எடுத்தார்கள்? இன்னும் எவ்வளவு எடுப்பார்கள்?" என்று மனம் கலங்கி, பிள்ளையுடன் வீடு திரும்பிவிடும் பெற்றோரும் உளர். இரண்டாம் முறை எடுக்கும் இரத்தத்தை என்ன செய்கின்றனர் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஒரு குண்டூசித் தலை அளவான, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்களும், 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்களும், 'பிளேட்லெட்' எனும் தட்டணுக்கள் 150,000 முதல் 400,000 வரையிலும் உள்ளன. முன்னாளில் இவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துக் கண்ணால் எண்ணினர். அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர், மின்னோட்டம் பாயும் நுண்துளை வழியே அணுக்களைச் செலுத்தி எண்ணும் முறைக்கு 1953ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மருந்தகத்தில் நாம் முதலில் கொடுக்கும் இரத்தம் இத்தகைய எண்ணிக்கைக்கே செல்கிறது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் போதுமா? காலைப் பெரட்டில் கிராணியார் தலைகளை எண்ணினால் ஆள் எத்தனை என்பது தெரியும். யார் பால்வெட்டுக்காரர், யார் வெளிக்காட்டு வேலைக்காரர், யார் வேற்றிடத்திலிருந்து வந்து நிற்பவர் என்பது தெரியாது. அதனை அறிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாக வேண்டும். வெள்ளணுக்களின் முகத்தைப் பார்க்கும் முறைக்கே 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்று பெயர். ஓட்டமுறை அணு ஆய்வு எனத் தமிழில் கூறலாம். ஒளிரும் சாயத்தைக் கொண்டு இவ்வாறு ஆராயும் கருவியை 1968ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஸ்டர் நகரில் வோல்ஃப்காங் கேடே உருவாக்கினார்.

முதலில் இரத்தத்துடன் 'எதிர்ப்பொருள்' எனும் நுண்பொருள்களைக் கலக்கின்றனர். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய அடையாளம் உள்ள அணுவை மட்டுமே பற்றிக்கொள்ளும்; அதனுடன் ஒரு நிறச் சாயமும் இணைக்கப்பட்டிருக்கும். பின்னர், வேகமாக ஓடும் தூய நீர்மத்தின் நடுவே இவ்விரத்தத்தைச் செலுத்துகின்றனர். சுற்றி ஓடும் நீர்மம் நெருக்குவதால் அது நூல்போல் மெலிகிறது. கால்வாயின் மேலுள்ள ஒற்றைப் பலகையில் கூட்டமாக வந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராகக் கடப்பதுபோல், அணுக்கள் ஒவ்வொன்றாகச் செல்கின்றன. அவ்விடத்தில் லேசர் ஒளி காத்திருக்கிறது. அணுவைத் தாண்டி நேரே செல்லும் ஒளி அதன் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி அதன் உட்புறம் மணல்போல் சொரசொரப்பானதா என்பதையும், சாயம் வீசும் நிறம் அது எவ்வினம் என்பதையும் காட்டுகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள் இவ்வாறு கடக்க, கணினி ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகப் பதிகிறது.

ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே இக்கருவி மருத்துவமனைக்கு முழுப் பயன் தந்தது என்பது நம் கருத்து. அவ்விருவரும் 1984ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. பூதக்கண்ணாடியில் ஒன்றுபோலவே தோன்றும் இரு வகைகளுக்கு மருந்து முற்றிலும் வேறாக இருக்கலாம். வகையை அறியாது மருந்து தொடங்குவது எங்ஙனம்? சிகிச்சைக்குப் பின்னரும் பத்தாயிரம் அணுக்களுள் ஒன்றாக ஒளிந்திருக்கும் நோயணுவை இக்கருவி காட்டிவிடும். எச்.ஐ.வி. நோயாளிகளின் எதிர்ப்பாற்றலை அளக்கவும் இது பயன்படுகிறது.

பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல், உடல் வெளுப்பு, அடிபடாமலே நீலத் தழும்பு, ஈறில் இரத்தக் கசிவு, எலும்பு வலி ஆகியவை கண்டால், 'சூடு' என்று கூறி நாள் கடத்தலாகாது. இவையெல்லாம் புற்றுநோயே என்பதில்லை. டெங்கிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறையும். புற்றுநோயாகவே இருப்பினும், சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வரும் வகை, முறையான சிகிச்சையால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

எடுக்கும் இரத்தம் பொதுவாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே. சில வேளைகளில் இடுப்பெலும்பிலிருந்து மச்சையும் எடுப்பர். முன்பு எடுத்ததையே பயன்படுத்தலாகாதா எனில், இவ்வாய்வுக்கு அணுக்கள் உயிருடன் இருத்தல் வேண்டும். நாள்பட்டால் அவை மடிந்துவிடும். ஆகவேதான் புதிதாகக் கேட்கின்றனர். இரத்தம் எடுத்ததும், குழாயின்மேல் பிள்ளையின் பெயரும் அடையாள எண்ணும் சரியாக உள்ளனவா என்று தாதியிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.