விராலடிப்பான் கற்பிக்கும் பாடம்

சென்ற மார்கழியில் ஆண்டிப்பட்டிப் பகுதிச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட்டுத் திரும்புகையில், வைகை அணைக்கரையில் சிறிது தங்கினோம். 1959-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்போர் மனிதர் மட்டுமல்லர். கடலோரங்களில் வேட்டையாடும் பறவைகளும் இங்கு வருவதுண்டு.

அவற்றுள் நாம் நன்கறிந்தது, கருடன் என்று கும்பிடும் செம்பருந்து. அது நீருக்குள் பாய்வதில்லை. மேற்பரப்பிலுள்ள மீனையும் செத்து மிதப்பதையும் கால்களால் எடுத்துச் செல்லும். விராலடிப்பான் அவ்வாறன்று. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் இப்பறவை ஏறக்குறைய மீனை மட்டுமே உண்பது. 10 முதல் 40 மீட்டர் உயரத்தில் வட்டமிட்டு, இரையைக் கண்டதும் சிறகடித்தவாறே ஓரிடத்தில் நிற்கும். பின்னர்ச் சிறகை மடக்கி, கால்களை முன்னே நீட்டி நீரில் பாயும். சுமார் 1 மீட்டர் ஆழமே அதற்கு எட்டும். ஆதலின் மேல்நீரில் திரியும் மீனே அதன் இரை. நீரில் பாய்கையில் நாசித் துவாரங்களை மூடிக்கொள்ளும். வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்பி, முன்னிரண்டும் பின்னிரண்டுமாக மீனைப் பற்றும். பாதத்திலுள்ள முட்கள் வழுக்காமல் காக்கும். மேலெழுந்து உடலை உதறி, காற்று தடுக்காதவாறு மீனின் தலையை முன்புறம் திருப்பிச் சுமந்து செல்லும். பாய்ச்சல் பல வேளை வீணாகும். அப்போது மீண்டும் வட்டமிடும்.

இத்துணைத் திறமையும் ஒரு மருந்தின் முன் பயனற்றுப் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் டி.டி.டி. தாராளமாகத் தெளிக்கப்பட்டது. அது நீரில் கலந்து, சிற்றுயிர்களில் சேர்ந்து, மீனில் மிகுந்து, மீனுண்ணும் பறவையில் மேலும் மிகுந்தது. முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே உடைந்தது. அங்கு 1972-இல் தடை வந்த பின்னரே இவ்வினம் மீண்டும் பெருகிற்று. நம் நாட்டில் வேளாண்மையில் அம்மருந்து 1989-இல் தடை செய்யப்பட்டது.

ஆயினும் பாடம் பழையதாகிவிடவில்லை. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வயல்களைக் கடந்து வைகையை அடைகிறது. அளவு மீறித் தெளித்த மருந்தும், ஓடையில் கொட்டிய சாயக்கழிவும் அந்நீரோடு செல்லும். மதுரை மக்கள் பருகுவதும் அவ்வைகையையே.

உண்மையைச் சொன்னால், நாமும் இதுகாறும் சங்கத்தில் மருந்து இருப்பும் விற்றுமுதலும் ஒத்திருக்கின்றனவா என்றே பார்த்தோம். அம்மருந்து எங்கே போயிற்று என்று கேட்டதில்லை. மேல்மடைக்காரர் ஒருவர் மட்டும் அளவறிந்து பயனில்லை. அளவுக்கு மேல் மருந்து தெளிப்பதில்லை, சாயநீரை ஓடையில் விடுவதில்லை என்று அடுத்த பொதுக்குழுவிலேயே அங்கத்தினர் கூடித் தீர்மானிக்கலாகாதா? கூட்டுறவு என்பது அதற்காகவும்தானே!