தேர்வுக்கு முன் வரும் வயிற்றுவலி

மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு, மே மாதத்தில் நீட் தேர்வு. இவற்றையொட்டிய வாரங்களில் வயிற்றுவலி, குமட்டல், படபடப்பு, உறக்கமின்மை ஆகிய தொல்லைகளுக்கு மாணவர்கள் உள்ளாவதுண்டு. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதிப் பள்ளிகள் மிகுதி. பெற்றோரைப் பிரிந்து பயிலும் பிள்ளைகளும் பலர். பரிசோதனையில் நோய் எதுவும் தென்படவில்லை என்றதும், பிள்ளை நடிப்பதாகச் சிலர் எண்ணிவிடுகின்றனர். அந்த வலி பொய்யன்று.

அச்சம் தோன்றும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது; செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது; குடலின் இயக்கமும் மாறுகிறது. கவலையே மனத்தை நிறைத்துக்கொள்வதால் படித்ததும் நினைவுக்கு வர மறுக்கிறது. சிறிதளவு பதற்றம் ஊக்கம் தரும், மிஞ்சும்போதுதான் தடையாகிறது.

அதனைத் தணிக்க நாம் பரிந்துரைக்கும் வழிகள்:

மூச்சுப் பயிற்சி: 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளிவிட வேண்டும். நாள்தோறும் 5 நிமிடம் பழகியிருந்தால்தான் தேர்வறையில் கைகொடுக்கும்.

எழுதிப் பார்த்தல்: தேர்வுக்குச் சற்றுமுன் 10 நிமிடம் தம் அச்சங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தராவிடினும் முயல்வதில் தீங்கில்லை.

ஒத்திகை: பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால், தேர்வறை புதிய இடமாகத் தோன்றாது.

உறக்கமும் உணவும்: இரவு முழுதும் விழித்துப் படித்தால் நினைவாற்றல் குறையும். காலையில் இட்லி போன்ற எளிய உணவு போதும்; காபி, தேநீரைக் குறைக்கலாம். படபடப்புக்கென மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கித் தருதல் கூடாது.

விடுதிக்குத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர், மதிப்பெண்ணைக் கேட்குமுன் உண்டதையும் உறங்கியதையும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். தவறினால் துணைத்தேர்வு உண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்று வலி, வாந்தியில் இரத்தம், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருப்பின் அச்சமே காரணம் என்றிராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் தனியே விடாதீர்கள். 14416 என்னும் டெலிமானஸ் எண்ணிலும், 104 எண்ணிலும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.