நெட்வொர்க்கின் தரத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கும் கூட்டம். செல்போனில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரியும். வீடியோ கால் மட்டும் உறைந்து நிற்கும். கோடுகள் காட்டுவது சிக்னலின் வலுவைத்தான். டவரில் எத்தனை பேர் நெருக்கியடிக்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

சேவையின் தரத்தை அறிய முதலில் அளக்க வேண்டியது தாமதம். 1983இல் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ நிரல் இன்றும் அதற்கு உதவுகிறது. சிறு தரவுப் பொட்டலம் ஒன்றை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைக் குறிக்கும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தென்காசியிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்குப் போய்வர 6 மில்லி நொடி போதும். அது 80, 100 என ஏறினால், பெரும்பாலும் சுற்றுவழியோ, இடையில் எங்கோ வரிசையில் நிற்பதோதான் காரணம். தாமதம் ஒரே சீராக இருந்தால் பேச்சு தாங்கும். ஏறி இறங்கினால் குரல் உடையும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். வழியில் தொலையும் பொட்டலங்களின் விகிதம் அடுத்த அளவு.

கம்பியில்லா நெட்வொர்க்குக்கு ‘டிரைவ் டெஸ்ட்’ செய்வார்கள். ஜிபிஎஸ்ஸும் பல நிறுவனங்களின் சிம் போட்ட போன்களும் ஏற்றிய வண்டி ஊரைச் சுற்றும். அழைப்பு எங்கே கிடைத்தது, எங்கே அறுந்தது என்று பதிவாகும். குற்றாலத்தில் மலை மறைக்கும் வளைவுகளில்தான் இந்த வண்டி அவசியம் போக வேண்டும், அதுவும் சீசன் ஞாயிறன்று. காலியான சாலையில் எடுத்த சராசரி யாருக்கும் பயன்படாது. மழையைப் பலர் குறை சொல்கிறார்கள். செல்போன் அலைகளை அது அதிகம் தடுப்பதில்லை; டவர்களை இணைக்கும் உயர் அதிர்வெண் மைக்ரோவேவ் தொடுப்பைத்தான் கனமழை பலவீனப்படுத்தும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். கிராமத்திலிருந்து உலகத்துக்கு வேலை செய்பவர்களுக்கு இந்த மில்லி நொடிகள் பிழைப்போடு கலந்தவை.

கம்பிவழி, கம்பியில்லாச் சேவைகளுக்கான, தனித்தனியே இருந்த தர விதிகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒன்றாக்கியது. அவை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. டிராயின் ‘மைஸ்பீட்’ செயலியால் நாமும் வேகத்தைச் சோதித்து அனுப்பலாம். வீட்டு ஃபைபர் மீது புகார் சொல்வதற்கு முன், கணினியை ரவுட்டரில் கேபிளால் நேராக இணைத்துச் சோதியுங்கள். அப்போது வேகம் சரியாக இருந்தால், கோளாறு உங்கள் வைஃபையில்.