தண்ணீர் ஊற்றாதீர்கள், மேஸ்திரி!

வாலாஜாபேட்டை பழைய ஊர். ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் ரெயில் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. 1866-ல் இது நகராட்சி ஆனது.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தது உண்டா?

தேக்கு உத்திரம். அதன் மேல் நெருக்கமாக நிறுத்திய சிறு செங்கல். ஒட்டுவதற்குச் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலப்பார்கள். "மெட்ராஸ் டெரஸ்" என்று அதற்குப் பெயர்.

சுண்ணாம்பும் கடுக்காயும் தோல் தொழிலுக்கும் வேண்டிய சரக்கு. தோலில் முடியை உதிர்க்கச் சுண்ணாம்பு. பதனிடக் கடுக்காய். ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை!

இப்போது காலம் மாறிவிட்டது. சுட்டெரிக்கும் வெயிலுக்குப் பயந்து, கான்கிரீட் தளத்துக்குக் கீழே ஜிப்சம் பலகை அடிக்கிறார்கள். அறையைத் தடுக்கும் சுவரும் அதே பலகையில் வருகிறது. அதன் மேல் மெல்லிய பூச்சு.

சேர்த்து வைத்த பணம் செலவாகிறது. சில மாதம் கழித்து, தலைக்கு மேல் நீளமாக ஒரு கீறல்! பூச்சு உரிந்து சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது.

பூச்சு மோசமா? பெரும்பாலும் இல்லை. பூசுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

இது செங்கல் அல்ல

ஜிப்சம் ஒரு வகைக் கல். ராஜஸ்தானில் ஏராளம். நம் திருச்சி, பெரம்பலூர்ப் பக்கமும் உண்டு. அதைச் சுட்டால் மாவாகும். மாவில் தண்ணீர் விட்டால் மீண்டும் கல்லாக இறுகும். இப்படி இறுகியதை இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே வைத்தால் பலகை. இதற்கு முன்னோடியான பலகைக்கு 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்றார்.

செங்கல் சுவரை நம் கொத்தனார் என்ன செய்வார்? முதலில் தண்ணீர் அடித்து நனைப்பார். பூசிய பின்பும் ஒரு வாரம் நனைப்பார். சிமெண்டுக்கு அது சரி.

பலகையில் அந்தப் பழக்கம்தான் வினை. காகிதம் ஊறும். பலகை தொங்கும். சிமெண்டுப் பூச்சும் கூடாது. ஈரத்தில் சிமெண்டும் ஜிப்சமும் சேர்ந்தால் உப்பி வெடிக்கும்.

"என்ன மேஸ்திரி, சுவரை நனைக்கவில்லையா?" என்று வீட்டு அம்மாள் கேட்பார்.

"இது காகிதம் அம்மா, நனைத்தால் ஊறிப்போகும்" என்று மேஸ்திரி சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் மேஸ்திரி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்!

முதலில் மொட்டை மாடி

ஐப்பசி மழையில் தளம் ஒழுகுகிறதா? அதை அடைத்த பிறகே பலகையைத் தொட வேண்டும். மின்விசிறிக் கொக்கி கான்கிரீட்டில் இருந்து வர வேண்டும். பலகையில் விசிறியை மாட்டுவது உயிருக்கு ஆபத்து.

அடுத்து திருகாணி. மேலே முக்கால் அடிக்கு ஒன்று, சுவரில் ஓர் அடிக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஆணித் தலை காகிதத்தைக் கிழிக்காமல், மட்டத்துக்குச் சற்றே கீழே அமுங்கி இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. கரண்டியின் விளிம்பைப் பலகை மேல் இழுத்துப் பாருங்கள். "டிக்" என்று தட்டினால் தலை துருத்துகிறது.

கீறல் விழும் இடம் பெரும்பாலும் மூட்டுதான். பலகைகளைச் செங்கல் வரிசைபோல் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இடைவெளியை முன்பே அடைத்து, அதன் மேல் வலை நாடாவோ காகித நாடாவோ ஒட்ட வேண்டும். கூரையும் சுவரும் சேரும் மூலையை மறப்பவர்கள் அதிகம். நாடா விலை சொற்பம். அதை மிச்சம் பிடித்துத்தான் முழுக் கூரையையும் கெடுக்கிறார்கள்!

கிழிந்து தொங்கும் காகிதத்தை வெட்டி எடுங்கள். வெளி மூலைகளுக்குத் தகர முனை வையுங்கள். தூசியைத் துடையுங்கள். பழைய பெயிண்ட் இருந்தால், பூச்சைப் பிடித்துக்கொள்ளும் பசைத் திரவம் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள்.

வாளியும் முக்கியம்

சுவிட்சுப் பெட்டிகளை மூடி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூரையில் தொடங்க வேண்டும். சுவர் பிறகு.

வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு. ஜிப்சம் சீக்கிரம் இறுகிவிடும். கைக்கு வேண்டிய அளவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் வலு போய்விடும். பழைய கட்டி ஒட்டிய வாளியும் ஆகாது. அந்தக் கட்டியே புதுக் கலவையை விரைவாக இறுக்கிவிடும்.

பூசிய பின் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். பூச்சு முதலில் ஈரத்தில் கருத்துத் தெரியும். இடத்துக்கு இடம் திட்டு இல்லாமல் முழுவதும் வெளுத்த பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம். முதல் கையைச் சற்று நீர்க்க அடிப்பார்கள்.