கல்லாவில் யார் கை வைக்கலாம்?

திருப்பதி, ஜன. - ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் வெளியே நிற்பவர் டிக்கெட் கேட்கலாம். உள்ளே கையை நீட்டிக் கல்லாவைத் தொட முடியாது. கம்ப்யூட்டர் புரோகிராமிலும் இதே ஏற்பாடு உண்டு.

நம் கூலிப் பணம் சேரும் பாங்குக் கணக்கு, புரோகிராமில் ஓர் 'ஆப்ஜெக்ட்'. இருப்புத் தொகை அதன் உடைமை. அந்தத் தொகையை எந்த வரியிலிருந்தும் மாற்றலாம் என்று விட்டால், கைப்பிசகில் 5,000 ரூபாய் 500 ஆகிவிடும். தவறு எங்கே என்று ஆயிரம் வரிகளைத் துழாவ வேண்டும்.

1995-ல் வெளிவந்த ஜாவா மொழியில் 'பிரைவேட்' என்று குறித்தால், வெளியிலிருந்து அதைத் தொடும் வரியைக் கம்பைலரே ஏற்காது. 1991-ல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தானில் அத்தகைய பூட்டு இல்லை. பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டால், அது 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்ற பலகை மட்டுமே. இரண்டு இட்டால், வகுப்பின் பெயரும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர் அப்போதும் நுழையலாம்.

ஆகவே பணம் போடவும் எடுக்கவும் தனித்தனி வழி வைத்து, தொகை சரிதானா என்று அங்கேயே சோதிப்பது முறை. சித்தூரிலும் திருப்பதியிலும் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் இதை முதலிலேயே பழகுவது நல்லது. இது திருடனுக்குப் போடும் பூட்டல்ல. கைப்பிசகுக்குப் போடும் தடுப்பு.