இளைத்தால் கவலை, பெருத்தால் நிம்மதி: போரைக் கடந்த வீடுகளில் உடல் எடை

"ஏன் பிள்ளை இப்படி இளைச்சுப் போனாய்?" எங்கள் வீடுகளில் இது சுகம் விசாரிக்கும் கேள்வி. கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டால் "இப்பதான் பார்க்க நல்லாயிருக்கு" என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1990இல் வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடை, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து புறப்பட்ட பெரும் இடப்பெயர்வு, 2009இல் முள்ளிவாய்க்காலில் உயிரைப் பிடித்து வைத்திருந்த கஞ்சி. இவற்றில் ஒன்றையாவது கடந்து வந்தவருக்குத் தட்டில் மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனம் வராது. நிறைந்த வயிறுதான் அவருக்குச் சமாதானத்தின் முதல் அடையாளம்.

எடை குறைப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இதை அறியாதவை. அவை எங்கள் நாளாந்த ஓட்டத்தையும் அறியாதவை. நான் தெஹிவளையில் பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். காலை ஏழரைக்குள் பிள்ளைகள் பாடசாலையில் இருக்க வேண்டும், பகல் ஒன்றரைக்கு விட்டுவிடும், பின்னேரம் ரியூஷன். வேலை இவற்றுக்கு இடையில்தான் நடக்கிறது. இப்படியான வீட்டில் எந்த மாற்றம் சாத்தியம், அது ஏன் அவசியம் என்பதே இந்தக் கட்டுரை.

பசி விட்டுச் சென்ற தடம்

1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஆய்வாளர்கள் பல தசாப்தங்களுக்குப் பின்னர் பரிசோதித்தார்கள். அவர்களது உடல் சீனியைக் கையாளும் திறன் மற்றவர்களை விடக் குறைந்திருந்தது. 1967-70 பயாஃப்ரா போரின் பஞ்சத்தில் பிறந்த நைஜீரியர்களிடமும், அவர்கள் நாற்பது வயதை அடைந்தபோது, அதிக எடையும் உயர் குருதி அழுத்தமும் குருதிச் சீனிக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டன.

இது தலைவிதி அல்ல. சாத்தியம் கூடுகிறது என்பது மட்டுமே பொருள். ஆனால் பட்டினியில் உருவாகி, பின்னர் தாராளமாகச் சீனியும் மாவும் கிடைக்கும் நகரத்தில் வாழும் உடல், மற்றவர்களை விட முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டிய உடல்.

எங்களுக்கான அளவு வேறு

பொதுவாக உடல் நிறைச் சுட்டி 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். ஆசிய மக்களுக்கு 23 என்ற அளவிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. 160 சென்றிமீற்றர் உயரமான ஒருவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோ. தராசு இல்லாதவர்கள் தையல் நாடாவை எடுத்து இடுப்பை அளக்கலாம். தெற்காசியர்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்றிமீற்றருக்கு உள்ளே இருப்பது நல்லது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடலை நாங்கள் "மெலிந்தவர்" என்போம். சலரோகம் அப்படிப் பார்ப்பதில்லை.

தராசு அசையாவிட்டாலும்

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கவும், சீனி, கொழுப்பு, தீட்டிய தானியங்களைக் குறைக்கவும் ஆலோசனை வழங்கப்பட்டது. வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், இவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இவர்களின் சராசரி எடையோ பெரிதாக மாறவில்லை.

வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இழுபடும் பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை. இரண்டு கிழமையில் தராசு முள் அசையவில்லை என்று கைவிட வேண்டியதில்லை. எடை குறைந்தால் நல்லது. குறையாவிட்டாலும் பழக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தொடங்கும் இடம் குசினி

முதலில் தேநீர். இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு மூன்று கோப்பை குடித்தால் 24 கிராம் சீனி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பதே சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

அடுத்தது போத்தல் பானம். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். செம்மஞ்சளைக் கண்டு ஏமாற வேண்டாம். 100 மில்லிலீற்றரில் 8 கிராம் உள்ள பானம் 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், அதாவது எட்டுக் கரண்டி.

மூன்றாவது, பிள்ளையின் தட்டு. பிள்ளை மிச்சம் வைக்கும் பாதிப் புட்டையும் கடைசித் துண்டுப் பாணையும் முடிப்பவர் அநேகமாக அம்மாதான். கொட்ட மனம் வராதது சரி. அதற்காக வயிற்றில் போட வேண்டியதில்லை. குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் போடலாம். மிஞ்சியதைச் சட்டியிலேயே விட்டுக் குளிரூட்டியில் வைக்கலாம்.

விலைவாசியையும் மறக்க முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கைச்செலவு இறுகும்போது மீனும் முட்டையும் மரக்கறியும் குறைந்து, சோறும் பாணும் மட்டும் மிஞ்சும். ஆகவே ஓட்ஸும் பாதாமும் எங்களுக்கான பதில் அல்ல. பருப்பு, அவித்த கடலை, கௌபி, நெத்தலி, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை ஆகியவை போதும். சோற்றை அரை அகப்பை குறைத்து, அந்த இடத்தைக் கறிகளால் நிரப்பலாம்.

நடை

போர்க்காலத்தில் தமிழர்கள் கொழும்பில் இருட்டிய பின் வெளியே போவதென்றால் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் வேண்டும். பின்னேரமானால் கதவைப் பூட்டி உள்ளே இருப்பது அப்போது புத்திசாலித்தனம். சோதனைச் சாவடிகள் போய்விட்டன. பழக்கம் பல வீடுகளில் போகவில்லை. இப்போது வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மரைன் டிரைவில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட உடலசைவு வேண்டும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலைத் திருத்தியபோது, தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியைக் கைவிட்டது. பாடசாலை வாசலுக்கு ஒரு தரிப்பிடம் முன்னதாகவே பேருந்தில் இருந்து இறங்குவதும், பிள்ளை ரியூஷனில் இருக்கையில் அந்த வீதியைச் சுற்றுவதும் கணக்கில் சேரும்.

எல்லோராலும் நடக்க முடியாது. போரில் காலை இழந்தவர்களும், உடலுக்குள் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்களும் எங்கள் நடுவே இருக்கிறார்கள். கதிரையில் இருந்தபடி கைகளை உயர்த்துவதும், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவதும் அவர்களுக்கான பயிற்சிகள். இயன்மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. சலரோக மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் உணவைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

நீங்கள் 35 வயதைத் தாண்டியவரானால், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் குருதிச் சீனி, குருதி அழுத்தம், எடை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். அருகில் உள்ள வைத்தியசாலையில் எந்த நாளில் என்று கேட்டு, அம்மாவையும் அப்பாவையும் கூடவே கூட்டிச் செல்லுங்கள். அடுத்த முறை ஊரில் இருந்து வரும் மாமி "இளைச்சுப் போனாய்" என்று கவலைப்பட்டால், அவவின் சீனி அளவை எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அதுவும் சுகம் விசாரிப்புத்தான்.